வயலுக்குப் போகும் வழியும் கைத்தொலைபேசி வரைபடமும்

இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் வயலுக்குத் திரும்பும் குடும்பத்துக்கு வழியைக் கண்டுபிடிப்பதே முதல் வேலையாகிவிடுகிறது. படுவான்கரை மக்கள் இதை ஒரு தடவைக்கு மேல் அனுபவித்தவர்கள். 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது உன்னிச்சை, ஆயித்தியமலை பக்கத்துக் குடும்பங்கள், தமிழரும் முஸ்லிம்களுமாக, வீடு வயல்களை விட்டு வெளியேறின. 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் படுவான்கரை மீண்டும் ஒருமுறை காலியாயிற்று. அதே ஆண்டில் மீள்குடியேற்றம் தொடங்கியது. சிலர் உடனே திரும்பினர். சிலர் பிந்தித் திரும்பினர். இன்னும் சிலர் வேறிடத்தில் வீடும், உன்னிச்சைப் பக்கத்தில் வயலுமாக இரண்டுக்கும் இடையே அலைகின்றனர்.

மனிதர் நடமாட்டம் இல்லாத காலத்தில் வண்டிப் பாதைகள் பற்றைக் காடாகின. வரம்புகள் கரைந்தன. அடையாளமாக நின்ற மருத மரங்கள் சில விழுந்துவிட்டன. எந்த வாய்க்காலுக்கு என்ன பெயர், எந்த வட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மழைக்காலத்தில் எந்த மதகால் ஏறிப் போகலாம் என்பன எல்லாம் முதியவர்களின் மனதிலேயே இருக்கின்றன. நகரத்திலோ முகாமிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இவை தெரியா. ஆனால் அப்பிள்ளைகளின் கையில் ஸ்மார்ட் போன் இருக்கிறது. முதியவரின் அறிவையும் பிள்ளையின் போனையும் ஒன்று சேர்ப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குப் பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை.

வரைபடம் ஒன்றைக் கையில் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடமாயிருந்த ஒரு காலத்தை நம்மிற் பலர் கடந்து வந்திருக்கிறோம். அதனால் வரைபடம் என்றால் அது அதிகாரிகளுக்கும் படையினருக்கும் உரியது என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே உண்டு. ஊர் மக்களே சேர்ந்து வரையும் வரைபடமும் உலகில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

திறந்த வரைபடம் என்றால் என்ன?

விதைநெல்லை எண்ணிப் பாருங்கள். முன்னர் ஒரு வீட்டில் நல்ல விதைநெல் இருந்தால் அயலவர் வாங்கி விதைப்பார். அறுவடையில் திருப்பிக் கொடுப்பார். அவரிடமிருந்து மற்றொருவர் வாங்குவார். யாரும் தடுப்பதில்லை. கம்பனியின் கலப்பின விதை அப்படியல்ல. ஒவ்வொரு போகமும் புதிதாக வாங்க வேண்டும். அதன் பெற்றோர் விதை எது என்பதைக் கம்பனி வெளியிடாது.

கணினி, கைத்தொலைபேசிச் செயலிகளிலும் இந்த இரு வகைகள் உண்டு. ஒரு செயலி எவ்வாறு ஆக்கப்பட்டது என்ற உள்விபரத்தை எல்லாரும் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் அனுமதிப்பதே திறந்த மூலம் எனப்படும். நமது நாடும் இதற்குப் புதியதன்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின், காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவு செய்வதற்காக இலங்கைக் கணினி வல்லுநர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளை உருவாக்கி, திறந்த மூலமாகவே வெளியிட்டார்கள். பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது.

அதே 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ‘ஓபன் ஸ்ட்ரீட் மப்’ என்ற வரைபட வேலையைத் தொடக்கினார். அரசாங்கமோ கம்பனியோ வரைந்து தரும்வரை காத்திராமல், ஒவ்வொருவரும் தாம் அறிந்த தெருவையும் ஊரையும் தாமே வரைந்து பொதுவில் வைப்பது இதன் முறை. நமது ஊர்ச் சிரமதானம் போன்றது என்று சொல்லலாம். உலகெங்கும் உள்ள தொண்டர்கள் இதில் உழைக்கிறார்கள். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டின் தலைநகர் பூமியதிர்ச்சியில் சிதைந்தபோது, பல நாடுகளிலிருந்த தொண்டர்கள் செய்மதிப் படங்களைப் பார்த்துச் சில நாட்களிலேயே அந்நகரின் தெருக்களை வரைந்தார்கள். மீட்புப் பணியாளர் அவ்வரைபடத்தைக் கொண்டே வழி தேடினர்.

மட்டக்களப்பில் நடந்தது

இவ்வேலை நமது மாவட்டத்துக்கும் வந்தது. 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலக வங்கியின் உதவியுடன், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உள்ளூர் நிருவாகமும் சேர்ந்து, மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவை ஓபன் ஸ்ட்ரீட் மப்பில் வரையும் திட்டமொன்றைத் தொடக்கின. வெள்ளம், புயல் வரும்போது எந்தக் கட்டடங்கள் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவது அதன் நோக்கம். ஏறத்தாழ 30,000 கட்டடங்கள் வரைபடத்தில் ஏறின. கட்டடம் எதற்குப் பயன்படுகிறது, எத்தனை மாடி, எதனாற் கட்டப்பட்டது போன்ற விபரங்களும் சேர்க்கப்பட்டன.

மண்முனை வடக்கு என்பது மட்டக்களப்பு நகரத்தை உள்ளடக்கிய பிரிவு. உன்னிச்சை, ஆயித்தியமலை, வவுணதீவு என்பன வாவிக்கு இப்பால் மண்முனை மேற்கில் உள்ளவை. அத்திட்டத்தின் எல்லை வாவியோடு நின்றது. நகரத்தின் குடிநீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து போகிறது. நகரத்துக்கு வந்த அந்த வரைபட வேலை குளத்தடிக்கு வரவில்லை. இதைக் குறையாக மட்டும் சொல்லி நிற்க வேண்டியதில்லை. திறந்த வரைபடத்தில் வேறொருவர் வந்து வரைவதற்காக நாம் காத்திருக்கவும் தேவையில்லை.

செய்மதிப் படத்தைப் பார்த்துத் தொலைவிலுள்ள தொண்டர் ஒருவர் குளத்தையும், பெரிய வீதியையும், வாய்க்காலையும் வரைந்துவிடலாம். ஆனால் செய்மதிக்குப் பெயர் தெரியாது. இந்த வாய்க்கால் எந்த வட்டைக்குத் தண்ணீர் கொடுக்கிறது, இந்தப் பாதை மார்கழியில் சேறாகுமா, இந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா என்பதை அங்கு வாழ்ந்தவர் மட்டுமே சொல்ல முடியும்.

சிக்னல் இல்லாத இடத்தில் போன் எப்படி வழிகாட்டும்?

நமது கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. “வயலுக்குள் போனால் சிக்னல் இல்லை, பின்னர் எப்படி மப் வேலை செய்யும்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்தறிய வேண்டும். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை அறிவது ஒன்று. அந்த இடத்தைச் சுற்றியுள்ள வரைபடத்தைத் திரையிற் பார்ப்பது மற்றொன்று.

முதலாவதை ஜி.பி.எஸ். செய்கிறது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது ஒலிபரப்புகிறது. மின்னலைக் கண்டு, இடி கேட்கும்வரை எண்ணி, மூன்று எண்ணினால் ஒரு கிலோமீற்றர் என்று நாம் தூரம் கணிப்பதில்லையா? அதுபோல, செய்மதியின் அலை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு போன் தூரத்தைக் கணிக்கிறது. நான்கு செய்மதிகளின் அலை கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். வானொலிப் பெட்டியைப் போலப் போன் இங்கே கேட்க மட்டுமே செய்கிறது. ஆகவே இதற்குத் தொலைபேசிக் கோபுரமோ சிம்மோ டேற்றாவோ தேவையில்லை. அமெரிக்க இராணுவத்துக்கென உருவான இம்முறையில், பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவைத் துல்லியம் குறைந்ததாயிருக்கும்படி முன்னர் வேண்டுமென்றே செய்யப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இன்று வெட்டவெளியில் ஒரு சாதாரண ஸ்மார்ட் போன் ஏறத்தாழ 5 மீற்றர் பிழையோடு இடத்தைக் காட்டும். அடர்ந்த மரங்களின் கீழ் பிழை கூடும்.

இரண்டாவது, வரைபடம். கூகுள் மப் வழக்கமாக, நாம் போகும் இடத்தின் படத்தை அவ்வப்போது இணையத்திலிருந்து எடுக்கிறது. அதனால் சிக்னல் இல்லாத இடத்தில் திரை வெறுமையாகிவிடலாம். அதிலும் ஒரு பகுதியை முன்கூட்டியே இறக்கி வைக்க இடமுண்டு. ஆனால் ஓபன் ஸ்ட்ரீட் மப்பைக் கொண்டு ஆக்கப்பட்ட சில செயலிகள் தொடக்கத்திலேயே இணையமின்றி வேலை செய்வதற்காக ஆக்கப்பட்டவை. இலங்கை வரைபடத்தை ஒருமுறை போனுக்குள் இறக்கிவிட்டால், பின்பு இடம் தேடுவதும், வழி காட்டுவதும், தூரம் சொல்லுவதும் இணையமின்றியே நடக்கும்.

எந்தச் செயலி?

‘ஓர்கானிக் மப்ஸ்’ என்பது பழகுவதற்கு இலகுவானது. ‘மப்ஸ் மீ’ என்ற பழைய செயலியின் திறந்த மூலத்தை எடுத்து, அதை முன்னர் ஆக்கியவர்களிற் சிலரே 2021ஆம் ஆண்டில் வெளியிட்டது. பணம் கேட்பதில்லை, விளம்பரம் இல்லை, நாம் போய்வரும் இடங்களைச் சேகரிப்பதும் இல்லை. 2025இல் இதிலிருந்து ‘கோமப்ஸ்’ என்ற கிளையொன்றும் பிரிந்தது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். திறந்த விதையிலிருந்து யாரும் நாற்று மேடை போடலாம் என்பதற்கு இதுவே உதாரணம்.

‘ஓஸ்மாண்ட்’ என்பது 2010 முதல் உள்ளது. வசதிகள் அதிகம்; நடந்த பாதையைப் பதிவு செய்வதில் சிறந்தது. ஆனால் பழகச் சிறிது பொறுமை வேண்டும். சில வசதிகளுக்குப் பணம் உண்டு. முதலில் ஓர்கானிக் மப்ஸையே பழகும்படி நாம் ஆலோசனை கூறுகிறோம்.

செய்ய வேண்டியவை

1. வைபை கிடைக்கும் இடத்தில், போனின் செயலிக் கடையிலிருந்து ஓர்கானிக் மப்ஸை ஏற்றுங்கள். பெயரைச் சரியாகப் பார்த்து ஏற்றுங்கள். பெயர் ஒத்த வேறு செயலிகளும் உண்டு.

2. செயலியைத் திறந்து, வரைபடங்களை இறக்கும் பகுதியில் ‘இலங்கை’யைத் தெரிவு செய்யுங்கள். எவ்வளவு இடம் எடுக்கும் என்பது திரையில் தெரியும். போனில் இடம் போதாவிடில் பழைய வீடியோக்களை அழியுங்கள்.

3. வயலுக்குப் புறப்படுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். டேற்றாவையும் வைபையையும் நிறுத்திவிட்டு, வீட்டு முற்றத்தில் நின்று செயலியைத் திறவுங்கள். ஜி.பி.எஸ். திறந்திருக்க வேண்டும். முதல் தடவை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் செல்லலாம். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி தோன்றினால் எல்லாம் சரி.

4. வலையிறவுப் பாலம், ஆயித்தியமலை மாதா கோயில், உன்னிச்சைக் குளக்கட்டு என நன்கு தெரிந்த இடங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு பெயரில் கிடைக்காவிடில் வேறு எழுத்தில் தேடுங்கள். உன்னிச்சையை ஆங்கிலத்தில் ஒரு ‘ச்’ போட்டும் இரண்டு ‘ச்’ போட்டும் எழுதுவோர் உளர். தேடிக் கிடைக்காவிடில், வரைபடத்தை விரலால் நகர்த்தி இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

5. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, வைபை உள்ள இடத்தில் வரைபடத்தைப் புதுப்பியுங்கள். பிறர் செய்த திருத்தங்கள் அப்போதுதான் உங்கள் போனுக்கு வரும்.

பற்றரியைப் பற்றி ஒரு வார்த்தை. வழிகாட்டலைத் திறந்தபடியே நடந்தால் சார்ஜ் விரைவில் இறங்கும். திசை பிடிபட்டதும் திரையை அணைத்துவிட்டு, சந்திகளில் மட்டும் பாருங்கள்.

உங்கள் வயலைக் குறித்து வையுங்கள்

வயலில் நின்றுகொண்டு, திரையில் அந்த இடத்தை அழுத்தி ‘சேமி’ என்று கொடுத்தால் அது உங்கள் போனில் ஒரு குறியாகப் பதியும். ‘அப்பாவின் வயல்’, ‘துருசடி’, ‘வாடி’ என்று தமிழிலேயே பெயர் எழுதலாம். அடுத்த தடவை மகனோ மகளோ தனியே வந்தாலும் அந்தக் குறியைத் தொட்டு வழியைக் கேட்கலாம். பாதையே வரைபடத்தில் இல்லாவிடில், நடக்கும்போது தடத்தைப் பதிவு செய்யும் வசதியைத் திறந்து வையுங்கள். நீங்கள் நடந்த வழி ஒரு கோடாகத் திரையில் விழும். முதியவர் முன்னே நடக்க, பிள்ளை போனோடு பின்னே நடந்தால் ஒரே காலையில் ஒரு வட்டையின் பாதைகள் எல்லாம் பதிவாகிவிடும்.

ஒவ்வொரு குறிக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று வட அகலக்கோடு, மற்றையது கிழக்கு நெடுங்கோடு. உன்னிச்சைப் பக்கத்தில் முதலாவது எண் 7.6 என்றும், இரண்டாவது 81.5 என்றும் தொடங்கும். புள்ளிக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு இலக்கமும் முக்கியம். ஓர் இலக்கம் மட்டும் சொன்னால் 11 கிலோமீற்றர் அளவுக்கே இடம் தெரியும். மூன்று இலக்கம் சொன்னால் 110 மீற்றர். நான்கு சொன்னால் 11 மீற்றர். ஐந்து சொன்னால் ஏறத்தாழ ஒரு மீற்றர். ஆகவே இவ்வெண்களைக் கொப்பியில் எழுதும்போது ஐந்து இலக்கமும் எழுதுங்கள். போன் தண்ணீரில் விழுந்தாலும் கொப்பி இருக்கும்.

இது ஆபத்து வேளையில் உயிர்காக்கும். வயலில் ஒருவரைப் பாம்பு கடித்தால், அல்லது யானை தாக்கினால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. ஆனால் “ஆறாம் கட்டையால் இறங்கி, மருதமரத்தடியால் திரும்பி” என்று நாம் சொல்வது வெளியூர்ச் சாரதிக்கு விளங்காது. வண்டி வந்து நிற்கக்கூடிய சந்தியை முன்கூட்டியே குறித்து, அதன் எண்களைக் கொப்பியில் வைத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லலாம். அழைப்பதற்கு மட்டும் சிக்னல் வேண்டும் என்பதை மறவாதீர்கள். வயலில் எந்த மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்பதையும் ஒரு குறியாகப் போட்டு வையுங்கள்.

பெயர்களை நாமே எழுதுவோம்

இதுவரை சொன்னவை உங்கள் போனுக்குள் மட்டும் இருப்பவை. அது வீட்டுக் குறிப்புக் கொப்பி போன்றது. ஓபன் ஸ்ட்ரீட் மப்பில் எழுதுவது சந்தியில் உள்ள பொது அறிவித்தற் பலகையில் எழுதுவது போன்றது. உலகில் எவரும் பார்க்கலாம். இவ்வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டே பொது வரைபடத்தில் எழுத வேண்டும்.

அங்கு எழுதுவதற்கு ஓர் இலவசக் கணக்குத் தொடங்க வேண்டும். கடை, பாடசாலை, கோயில், பள்ளிவாசல், கிணறு போன்றவற்றை ஓர்கானிக் மப்ஸிலிருந்தே சேர்க்கலாம். அன்ட்ரொயிட் போனில் ‘ஸ்ட்ரீட் கொம்ப்ளீட்’ என்ற செயலி, “இந்த வீதி தார் வீதியா, கிரவல் வீதியா?” என்பது போன்ற கேள்விகளைக் கேட்டு, நாம் கொடுக்கும் விடையை வரைபடத்தில் ஏற்றும். புதிய பாதையையும் வாய்க்காலையும் வரைவதற்குக் கணினி வசதியானது. நடந்து பதிவு செய்த தடத்தைக் கணினி தெரிந்த இளைஞரிடம் கொடுத்தால் அவர் அதைப் பார்த்து வரைவார். ஒன்றும் வரையத் தெரியாதவர், “இங்கே பாலம் உடைந்துள்ளது” என்று ஒரு குறிப்பை மட்டும் விட்டுச் செல்லலாம். வேறொரு தொண்டர் அதைக் கவனிப்பார்.

பெயர் எழுதும்போது மூன்று ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, அந்த இடத்தில் மக்கள் இன்று வழங்கும் பெயரை எழுதுங்கள். நாம் விரும்பும் பெயரைப் புதிதாகச் சூட்டும் இடம் இதுவன்று.

இரண்டாவது, இவ்வரைபடத்தில் ஓர் இடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி இடம் உண்டு. தமிழ்ப் பெயரைத் தமிழுக்குரிய இடத்தில் எழுதுங்கள். மற்றைய மொழிப் பெயரை அழிக்காதீர்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாய்க்காலுக்கு வெவ்வேறு பெயர் வழங்கினால் இரண்டையும் பதியலாம். மாற்றுப் பெயருக்கும் அங்கே இடமுண்டு.

மூன்றாவது, கூகுள் மப்பையோ அச்சிட்ட வரைபடத்தையோ பார்த்துப் பிரதி பண்ணாதீர்கள். அவை உரிமை பெற்றவை. கண்ணால் கண்டதையும் காலால் நடந்ததையும் மட்டும் எழுதுங்கள்.

நமது வட்டைகளின் பெயர்கள், துருசுகளின் பெயர்கள், பழைய மடுக்களின் பெயர்கள் எத்தனையோ இன்னும் எந்த ஏட்டிலும் ஏறாதவை. ஒரு முதியவர் போகும்போது பத்துப் பெயர்கள் அவரோடு போகின்றன. பெயர் தெரியாத நிலத்தைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து பேசுவதும், காரியாலயத்தில் விண்ணப்பம் எழுதுவதும் இளையவர்களுக்குக் கடினம். பெயரைக் காப்பது பழம்பெருமைக்காக மட்டுமன்று. உரிமையைக் கேட்பதற்கும் அது வேண்டும்.

அவதானமாயிருக்க வேண்டியவை

வரைபடம் உறுதி ஆகாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். போனில் எல்லையைக் குறித்து வைத்திருக்கிறேன், ஆகவே காணி எனது என்று எவரும் வாதிட முடியாது. அயலவரோடு அதை வைத்துச் சண்டையிடவும் கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். 100 மீற்றர் நீளமான ஒரு வரம்பை 5 மீற்றர் பிழையோடு குறித்தால், 500 சதுர மீற்றர் இப்பக்கமோ அப்பக்கமோ போய்விடும். அது ஏறத்தாழ 20 பேர்ச்சஸ். ஓர் ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு. நில அளவையாளரின் கருவியும் முறையும் வேறு. அவர்கள் பயன்படுத்தும் ஆள்கூற்று முறையும் போனின் முறையும் ஒன்றல்ல. காணி உரிமைக்கு உறுதி, பெமிற் எனப்படும் அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், கமநல சேவை நிலையத்து இடாப்பு என்பனவே சான்று. இடப்பெயர்வில் அவற்றைத் தொலைத்தவர்கள் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் பிரதி பெறும் முயற்சியைக் கைவிடலாகாது. போன் குறி இதில் ஓர் உதவி மட்டும் செய்யும். காணி பார்க்க வரும் உத்தியோகத்தரை நேரே இடத்துக்குக் கூட்டிச் செல்லலாம்.

ஆட்களைப் பற்றிய விபரத்தைப் பொது வரைபடத்தில் எழுதாதீர்கள். வீட்டுக்காரரின் பெயர், தொலைபேசி இலக்கம், பெண் தனியாக வாழும் வீடு, நெல் சேமித்து வைத்திருக்கும் இடம், குடும்பம் திரும்பாத வெற்றுக் காணி என்பன அங்கே வரக் கூடாதவை. நல்லெண்ணத்தோடு நாம் எழுதுவதைக் கெட்ட எண்ணத்தோடு வாசிப்பவரும் இருப்பர். சந்தேகமானால் உங்கள் போனுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செயலிக்கு வெள்ளம் தெரியாது. மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், கோடையில் நல்லதாயிருந்த பாதை தண்ணீருக்குள் போய்விடும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வந்த வெள்ளங்களை மறக்க மாட்டோம். திரை நேரே போகச் சொன்னாலும், மதகின் மேலாகத் தண்ணீர் பாய்ந்தால் திரும்பிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

செயலிக்கு யானையும் தெரியாது. கிட்டிய வழி என்று அது காட்டும் பாதை காட்டோரமாகப் போகலாம். மாலை மயங்கிய பின் ஊரார் போகாத வழியால் நீங்களும் போகாதீர்கள்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றும் பணி முடிவுற்றதாக 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. எனினும் நெடுநாள் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள் பழைய வெடிபொருள் போன்ற எதையாவது கண்டால் தொடாதீர்கள். வந்த அடியைப் பார்த்தே திரும்பி வந்து பொலிசாருக்கு அறிவியுங்கள். போனில் அவ்விடத்தைக் குறித்து வைத்தால் வருபவருக்கு வழிகாட்ட உதவும்.

ஒரு வட்டைக்கு ஒரு நாள்

இதைத் தனியாளாகச் செய்வதிலும் பார்க்கக் குழுவாகச் செய்வதே நல்லது. பெரும்போகத்துக்கு முன், நிலம் காய்ந்து பாதை தெரியும் புரட்டாதி மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். வட்டை விதானையாரையும், அந்த வட்டையில் நெடுங்காலம் கமம் செய்த ஆண் பெண் முதியவர்களையும் அழையுங்கள். நீர் எடுத்த கிணறும், விறகுக்குப் போன வழியும் பெண்களுக்கே அதிகம் தெரியும். வெளியே வாழும் குடும்பங்களின் பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கள். மூன்று பேருக்கு ஒரு போனும் ஒரு கொப்பியும் போதும். காலையில் நடந்து, மத்தியானம் ஒரு மரநிழலில் கூடி, குறித்த பெயர்களை உரத்து வாசியுங்கள். எல்லாரும் சரி என்று சொன்னவற்றைப் பொது வரைபடத்துக்கு அனுப்புங்கள். கருத்து வேறுபட்டவற்றைக் கொப்பியில் வைத்து அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். கொப்பியின் ஒரு பிரதியைக் கமக்கார அமைப்பிடம் கொடுத்து வையுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. நமது வயலுக்குப் போகும் வழியில், முதியவர்களுக்கு மட்டும் தெரிந்த பெயர்கள் எவை? அவற்றை நமது பிள்ளைகள் எத்தனை பேர் அறிவர்?

2. வெளியூரிலிருந்து வரும் அம்புலன்ஸ் வண்டி நமது வட்டைக்கு எந்தச் சந்தி வரை வரலாம்? அவ்விடத்தை யார் குறித்து வைத்திருக்கிறார்கள்?

3. நமது ஊர்பற்றிய எந்த விபரங்கள் பொது வரைபடத்தில் வரலாம்? எவை வரக் கூடாது? யார் இதைத் தீர்மானிப்பது?

4. இன்னும் திரும்பாத குடும்பங்களின் வயல் வழிகளைக் காத்து வைப்பதற்கு, திரும்பி வந்த நாம் என்ன செய்யலாம்?